ஆக்டேன் பாட்டில், எக்ஸ்பி 95, எக்ஸ்பி 100: கொல்லிமலையில் ஏற்றிப் பார்த்த அனுபவம்

2022 ஏப்ரல் கடைசி ஞாயிறு. காரவள்ளி அடிவாரத்தில் டீ குடித்துவிட்டுக் கொல்லிமலை ஏறத் தொடங்கினோம். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். முன்சீட்டில் அப்பா, பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும், ஏசி முழுசாக ஓடுகிறது, வெளியே கொளுத்தும் வெயில். பதினோராவது வளைவு தாண்டி மூன்றாவது கியரிலேயே மிதித்தேன். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம். இரண்டு விநாடிதான். அதற்குப் பிறகு சத்தம் நின்றுவிட்டது, கூடவே வண்டியின் இழுவையும் போய்விட்டது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார். முப்பது வருஷம் நாமக்கல்லில் பட்டறை வைத்திருந்தவர். கண்ணைத் திறக்காமலே, "கண்ணு, வண்டி தட்டுது. ரெண்டுக்கு மாத்து" என்றார்.

அந்தச் சத்தத்தை ஒழிக்கக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் காசு செலவழித்தேன். பெட்ரோலில் கலக்கும் ஆக்டேன் பூஸ்டர் பாட்டில், இந்தியன் ஆயிலின் கூடுதல் ஆக்டேன் பெட்ரோல்களான எக்ஸ்பி 95, எக்ஸ்பி 100 மூன்றையும் அதே மலையில் அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போது பங்க்கில் வரும், எத்தனால் கலந்த இ20 பெட்ரோலையும் பார்த்தாகிவிட்டது. பூஸ்டர் வாங்கலாமா என்று பள்ளியில் சக ஆசிரியர்கள் முதல் மாணவர்களின் அப்பாக்கள் வரை கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கார் 2020ல் வாங்கியது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை. மாடல் பெயரைத் தவிர்க்கிறேன், ஏனென்றால் இந்தக் குணம் அந்த ஒரு காருக்கு மட்டும் உரியதில்லை. அம்பாசிடர் காலத்து இன்ஜின்கள் காற்றை ஏழு எட்டு மடங்குதான் அமுக்கும். இன்றைய சின்ன டர்போ இன்ஜின்கள் பத்து மடங்குக்கு மேல் அமுக்குகின்றன. அதுவும் டர்போ ஏற்கெனவே அடைத்துத் தரும் காற்றை. கலவை அவ்வளவு சூடானால், பிளக்கில் கிளம்பிய தீ பரவி வந்து சேருவதற்கு முன்பே மூலையில் மிச்சமிருக்கும் கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். அந்த அடிதான் அப்பா சொன்ன தட்டல். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் சக்தியைக் காட்டும் எண் இல்லை. இப்படித் தானாகப் பற்றாமல் எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண்.

அந்த அளவுகோலை 1926ல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் வகுத்தார். ஐசோஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0. அமுக்க விகிதத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஒரே சிலிண்டர் சோதனை இன்ஜினில் ஓட்டிப் பார்க்கிறார்கள். 91 ஆக்டேன் என்றால், 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த இடத்தில் தட்டுமோ அதே இடத்தில் இந்தப் பெட்ரோலும் தட்டும் என்று பொருள். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுப்பவன். ஐசோஆக்டேனின் கிளைச் சங்கிலியைப் பலகையில் வரையும்போது இப்போதெல்லாம் கொல்லிமலைக் கதையும் சேர்ந்து வருகிறது.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

சேலத்தில் கார் உதிரிப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். 250 மில்லி, 850 ரூபாய், 40 லிட்டர் டேங்குக்கு ஒரு பாட்டில். "40 பாயின்ட் வரை ஆக்டேன் உயரும்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கடையில் என் முன்னால் நின்றவர் அன்றைய சாதாரண பெட்ரோலின் ஆக்டேனான 91உடன் 40ஐக் கூட்டி 131 என்று நினைத்துக்கொண்டு வாங்கிப் போனார். இந்தத் தொழிலில் ஒரு பாயின்ட் என்றால் ஆக்டேன் எண்ணில் பத்தில் ஒரு பங்கு. 40 பாயின்ட் என்றால் நான்கு எண். அதுவும் "வரை". இதைப் பாட்டிலில் எங்கேயும் எழுதவில்லை. தெரியாதவர்களை நம்பவைத்து விற்பதாகவே இதை நான் பார்க்கிறேன், இதில் எனக்குக் கோபமும் உண்டு.

நான்கு எண் உயர்ந்தாலே பெரிய விஷயம்தான். ஆனால் உயருமா? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டொலுயீன் நல்ல ஆக்டேன் உள்ள பொருள், ஏறக்குறைய 120 என்று வைத்துக்கொள்ளலாம். 91 பெட்ரோலை டொலுயீன் கலந்து 95 ஆக்க வேண்டுமானால் கலவையில் சுமார் 14 சதவீதம் அது இருக்க வேண்டும். 40 லிட்டரில் ஐந்தரை லிட்டர். 250 மில்லி ஊற்றினால் 0.2 எண்கூட ஏறாது. 1988ல் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் டர்போ இன்ஜின் ஓடிய எரிபொருளில் 84 சதவீதம் டொலுயீன், மீதி 16 சதவீதம் ஹெப்டேன். இவ்வகைப் பொருள் வேலை செய்ய அவ்வளவு வேண்டும்.

கால் லிட்டரில் வேலை நடக்க வேண்டுமானால் உலோகச் சேர்மம் தேவை. அந்த வழியைத் திறந்துவிட்டவர் தாமஸ் மிட்ஜ்லி. 1921ல் ஜெனரல் மோட்டார்ஸில் டெட்ராஎத்தில் ஈயத்தைக் கண்டார். லிட்டருக்குத் துளி போதும், தட்டல் நின்றுவிடும். அந்த ஈயம் எத்தனை தலைமுறைக் குழந்தைகளின் ரத்தத்தில் ஏறியது என்பது உலகறிந்த விஷயம். இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000ல் நின்றது. உலகத்தில் கடைசியாக அல்ஜீரியா 2021ல் நிறுத்தியது. இப்போது பாட்டில்களில் ஈயத்தின் இடத்தில் பெரும்பாலும் மாங்கனீசுச் சேர்மமோ, இரும்புச் சேர்மமான ஃபெர்ரோசீனோ இருக்கும். சில பாட்டில்களில் அனிலின் வகைச் சேர்மம். நான் வாங்கியதில் என்ன இருக்கிறது என்று லேபிளில் இல்லை. "சிறப்புக் கலவை" என்று மட்டும் இருந்தது. என் பாட்டிலில் என்ன இருந்தது என்பதைப் பிளக்தான் பிறகு காட்டிக்கொடுத்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

சோதித்த முறையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்னக் கருவியைச் செருகினால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பது மொபைலில் தெரியும். இதைத்தான் டைமிங் என்கிறோம். இன்ஜினில் ஒரு நாக் சென்சார் உண்டு. தட்டலை அது கேட்ட உடனே கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னால் இழுத்துவிடும். சத்தம் நிற்கும், இழுவை போகும். ஆகவே டைமிங் எவ்வளவு முன்னால் நிற்கிறதோ அந்த அளவுக்கு இன்ஜின் பெட்ரோலை நம்புகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பத்தாவது வளைவுக்கும் இருபதாவது வளைவுக்கும் நடுவே, மூன்றாவது கியர், 2000 சுற்றுக்கு அருகில், முழு மிதி. காருக்குள் ஒவ்வொரு முறையும் அதே ஐந்து பேர். ஏசி ஆன். புதுப் பெட்ரோலுக்கு இன்ஜின் பழக ஒரு டேங்காவது ஊரில் ஓட்டிவிட்டுத்தான் மலைக்குப் போனேன், எக்ஸ்பி 100 மட்டும் விதிவிலக்கு. என் மொபைலை மனைவி கையில் பிடித்துக்கொண்டு எண்களை வாசிக்க, மகள் நோட்டில் எழுதினாள். இது ஆய்வுக்கூடச் சோதனை இல்லை, ஒரு குடும்பம் செய்து பார்த்தது. ஆனால் நோட்டில் இருப்பது உள்ளபடி எழுதியது.

சாதாரண பெட்ரோலில் டைமிங் 2 அல்லது 3 டிகிரியில் நின்றது. இரண்டு முறை பூஜ்யத்துக்குக் கீழேயும் போனது. பாட்டில் ஊற்றிய பிறகு 3, சில நேரம் 4. அதாவது ஏதோ கொஞ்சம் வேலை செய்கிறது, பொய் என்று சொல்ல மாட்டேன். ஒரு எண், மிஞ்சினால் ஒன்றரை எண் ஏறியிருக்கும் என்பது என் கணிப்பு. சத்தம் குறைந்தது, நிற்கவில்லை.

எக்ஸ்பி 95, அதாவது இந்தியன் ஆயிலின் 95 ஆக்டேன் பெட்ரோல், சேலம் ரோட்டுப் பங்க்கில் லிட்டருக்கு ஏழு ரூபாய் போலக் கூடுதல். டைமிங் 6, 7. சத்தம் சுத்தமாக இல்லை. மூன்றாவது கியரில் மிதித்தால் வண்டி எழும்பிப் போனது. பதினெட்டாவது வளைவில் என் மகன், "அப்பா, இன்னைக்கு கார் வேற மாதிரி போகுது" என்றான். அவனுக்கு அப்போது ஒன்பது வயது, டேங்கில் என்ன இருக்கிறது என்று தெரியாது. 40 லிட்டருக்குக் கூடுதல் செலவு 280 ரூபாய். பாட்டிலுக்கு 850. இதற்கு மேல் யோசிக்க எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

எக்ஸ்பி 100 வேறு ரகம். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்தது, மதுரா சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது, அறிமுக விலை லிட்டர் 160. சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது டேங்கை முழுக்க நிரப்பிக்கொண்டேன். பில் 6,400 ரூபாயைத் தொட்டது. நாமக்கல் வந்து சேரும்போது பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மீதி இருந்தது. மறுநாள் காலையிலேயே அதோடு மலையேறினேன். டைமிங் 8. எக்ஸ்பி 95ஐவிட ஒரு டிகிரிதான் அதிகம், காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. காரணம் எளிது. இன்ஜினுக்கு எவ்வளவு வேண்டுமோ அது வரைக்கும்தான் கம்ப்யூட்டர் முன்னால் போகும். அதற்கு மேல் நூறு ஊற்றினாலும் எடுத்துக்கொள்ள அதற்கு வழி இல்லை. அந்த அளவு அமுக்கத்துக்காகவே டியூன் செய்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல பெட்ரோல், பழுது ஒன்றும் சொல்வதற்கில்லை. சாதாரண பெட்ரோல் 91ஆக இருந்த அன்று, என்னைப் போன்றவர்கள் வாங்குவதானால் கலந்துகொண்டிருக்கலாம். 25 லிட்டர் 91, 15 லிட்டர் 100 கலந்தால் 94.4 வரும், பெருக்கிக் கூட்டி வகுத்தால் போதும். பெட்ரோலோடு பெட்ரோலைக் கலக்கும்போது இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாகவே வரும்.

யூடியூப் பார்த்துக் குழம்புபவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கர்கள் பங்க்கில் எழுதும் எண் வேறு முறையில் கணக்கிட்டது, இரண்டு சோதனைகளின் சராசரி. அங்கே ஒருவர் "91 ஊற்றுகிறேன்" என்றால் அது நம் கணக்கில் 95, 96. அவர்கள் 87 ஊற்றும் காரைப் பார்த்து நம் பழைய 91 ரொம்ப உயர்வு என்று நினைக்க வேண்டாம், இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இனி அந்தப் பிளக். மலைச் சோதனை முடிந்த பிறகும் கையில் மிச்சமிருந்த பாட்டில்களை ஊர் ஓட்டத்தில் ஊற்றித் தீர்த்தேன். மொத்தம் ஆறு டேங்க். ஆறாவது டேங்க்கில் காலையில் ஸ்டார்ட் செய்தால் வண்டி குலுங்கியது. மிஸ்ஸிங். எங்கள் தெரு முனையில் இருக்கும் மெக்கானிக் தம்பி மூன்று பிளக்கையும் கழற்றி உள்ளங்கையில் வரிசையாக வைத்துக் காட்டினார்.

"என்னங்ண்ணா ஊத்துனீங்க?"

நல்ல பிளக்கின் நடுப்பீங்கான் வெளிறிய பழுப்பில், பிஸ்கட் நிறத்தில் இருக்கும். இவை மூன்றும் செங்கல் பொடியைக் குழைத்துப் பூசியது போல இருந்தன. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுரண்டியபோது மெல்லிய சிவப்புத் தூள் விரலில் ஒட்டியது. உலோக ஆக்சைடு, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது பீங்கான்மேல் படிந்தால் பொறி இடைவெளியில் தாண்டாமல் அந்தப் படிவு வழியே ஒழுகிவிடும். மாங்கனீசா இரும்பா என்று கேட்டால், அந்த நிறத்துக்கு இரும்பு என்றுதான் என் மனம் சொல்கிறது. மூன்று புதுப் பிளக்குக்கு 1,800 ரூபாய் ஆனது. இதே தூள்தான் ஆக்சிஜன் சென்சார் மேலும், சைலன்சருக்கு முன்னால் இருந்து புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மேலும் போய்ப் படிகிறது. அந்தக் கன்வர்ட்டரை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பிளக் செலவு ஒன்றுமே இல்லை. பாட்டிலின் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் எந்தப் பாட்டிலாக இருந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாதவன் பொருளை டேங்கில் ஊற்றாதீர்கள்.

அந்துருண்டைப் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். அப்பா பட்டறையில் ஸ்கூட்டருக்கு அந்துருண்டை போட்டவர்களை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். பிக்கப் வரும் என்பார்கள். இன்றும் கேட்கிறார்கள். இப்போது கடையில் கிடைக்கும் உருண்டைகளில் பல நாப்தலீனே இல்லை, பாராடைகுளோரோபென்சீன். அதில் குளோரின் இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். உங்கள் வால்வையும் சைலன்சரையும் நீங்களே அமிலத்தில் குளிப்பாட்டுகிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். பெயின்ட் தின்னர் ஊற்றுவதும் அப்படித்தான், ஒரு டின்னில் என்னென்ன கரைப்பான் எவ்வளவு என்று விற்பவருக்கே தெரியாது. டேங்கின் ரப்பர் குழாய்களையும் தின்னும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

நான் இதையெல்லாம் செய்து முடித்த பிறகு நாட்டின் பெட்ரோலே மாறிவிட்டது. 2023 பிப்ரவரியில் தொடங்கி, 2025க்குள் பங்க்குகளில் சாதாரண பெட்ரோல் என்று வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் ஆக்டேன் 108க்கு மேல். இ20க்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச ஆக்டேன் 95. அதாவது அன்று நான் ஏழு ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கிய எண் இன்று சாதாரண குழாயிலேயே வருகிறது. எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமாகச் சூட்டை இழுத்துக்கொள்ளும். கையில் சானிடைசர் ஊற்றினால் ஜில்லென்று இருக்குமே, அதேதான் சிலிண்டருக்குள்ளும் நடக்கிறது. கலவை குளிர்ந்தால் தட்டலும் குறையும்.

போன ஆடியில், வல்வில் ஓரி விழாவுக்காகச் செம்மேடு போனபோது சாதாரண இ20தான் டேங்கில் இருந்தது. ஓபிடியை மறுபடி செருகினேன். டைமிங் 6, சில இடத்தில் 7. சத்தம் இல்லை. இனி ஆக்டேனுக்காக மட்டும் எக்ஸ்பி 95 போட எனக்குக் காரணம் தெரியவில்லை. பாட்டிலுக்குச் சுத்தமாக இடமே இல்லை.

ஆனால் இ20க்கு நான் நல்ல மதிப்பெண் போட மாட்டேன். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18.2 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த என் வண்டி இப்போது 17.1 கொடுக்கிறது, ஆறு சதவீதம் குறைவு. இ10க்கு, அதாவது 10 சதவீதம் எத்தனாலுக்கு டியூன் செய்த நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று 2021ல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்லியிருந்தது. விலை மட்டும் குறையவில்லை. என் காரின் கையேட்டில் இ10 வரைக்கும் என்றுதான் எழுதியிருக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு இ10 ஒரு குழாயிலாவது வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அது வரும் வரைக்கும் வருஷத்துக்கு ஒருமுறை எரிபொருள் ரப்பர் குழாய்களைப் பார்க்கச் சொல்கிறேன். மாசக்கணக்கில் வண்டியை நிறுத்திவைப்பவர்கள் டேங்கில் ஈரம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மிஞ்சினால் எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும்.

யாருக்கு எது என்று கேட்டால், முதலில் பெட்ரோல் மூடியைத் திறந்து உள்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 91 போதும் என்று போட்டிருந்தால், டர்போ இல்லாத இன்ஜினாகவும் இருந்தால், எதற்கும் காசு கொடுக்க வேண்டாம். என் மனைவியின் கார் அப்படிப்பட்டது, 1.2 லிட்டர், டர்போ இல்லாதது. இ10 காலத்தில் அதிலும் ஒரு டேங்க் எக்ஸ்பி 95 போட்டு, அதே மலையில், அதே வளைவுகளில், மகள் அதே நோட்டில் எழுதினாள். இரண்டு பக்கத்திலும் ஒரே எண்கள். கீழே இறங்கி வந்ததும் மனைவி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போட்ட காசுல பலாப்பழம் வாங்கியிருக்கலாம்ங்க" என்றாள். காரவள்ளியில் இறக்கி வைத்திருந்ததில் இரண்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.